கேப்பு கழட்டுனா துப்பாக்கி காலி ஆயிடாது

கேப்புன்னா அடி விழுந்ததும் துப்பாக்கிக்குப் பொறி குடுக்குற சின்ன மூடி. எங்க பக்கம் லைசன்ஸ் துப்பாக்கி இருக்க வீடுகள்ல அடிக்கடி காதுல விழுற பேச்சு ஒண்ணு இருக்கு. "கேப்பத்தான் எடுத்துட்டேன்ல, அப்புறமென்ன." இதச் சொல்லிட்டு துப்பாக்கிய கதவு மூலையில சாத்தி வச்சுட்டு சாப்புட உக்காந்துருவாங்க. ராத்திரி பூரா காவலுக்குப் போயிட்டு விடியக்காலம் வர்ற மனுசனுக்கு அசதி இருக்கும், அது எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பேச்சு தப்பு, உசுர எடுக்குற தப்பு, எந்தப் பெரிய மனுசன் சொன்னாலும் நான் அத விடுறதில்ல, அதனாலதான் இவ்வளவு நீளமா உக்காந்து எழுதுறேன்.

நான் சொல்றது வாய் வழியா மருந்து கெட்டிக்கிற ஒத்தக்குழல் துப்பாக்கி. ஆபீஸ் பாஷையில எஸ்.பி.எம்.எல். எங்க ஊரு சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவுல, ஒரு பக்கம் பனங்காடும் கடலும், இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம், அந்த முள்ளுக்குள்ள பகலெல்லாம் படுத்துக் கெடக்குற பன்னிக்கூட்டம் ராத்திரியானா நெலக்கடலையிலயும் சோளத்துலயும் எறங்கும், விடியிறதுக்குள்ள ஒரு வயலையே உழுது போட்டுட்டுப் போயிரும். அதுக்குத்தான் பெரியப்பா லைசன்ஸ் வச்சிருக்காரு. அவரு இளவட்டமா இருந்தப்ப இதே துப்பாக்கியோட முயலு, கவுதாரின்னு வேட்டைக்கும் போயிருக்காரு. 1972-ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதெல்லாம் நின்னுபோச்சு, இப்ப வயலுக்குள்ள வந்த பன்னியவே ஆனாலும் நாமளா சுட்டா கேஸுதான். வெறும் மருந்தும் நாரும் கெட்டிச்சு ஒரு சத்தம் போடுறதோட சரி. ஆனா வேட்டை முடிஞ்சு வீட்டுக்குத் திரும்புறப்ப என்னென்ன செய்யணும்னு அந்தக் காலத்துல பழகுனத அவரு இன்னைக்கு வரைக்கும் ஒரு நாளும் விட்டதில்ல.

துப்பாக்கியப் பாக்காதவங்களுக்காக சொல்லிடுறேன். தோட்டா போடுற துப்பாக்கின்னா பின்னாடி தெறந்து தோட்டாவ உருவிட்டா வேல முடிஞ்சது, உள்ள வெளிச்சம் தெரியுதான்னு கண்ணாலயே பாத்துக்கலாம். இதுல அது முடியாது. குழலோட அடிப்பக்கம் அடைப்பு. வாய் வழியா கரிமருந்தக் கொட்டி, மேல தேங்காநார் வச்சு கம்பியால இடிச்சு, அதுக்கு மேல பொடி ஈய உருண்டையான ரவையோ ஒத்தக் குண்டோ போட்டு, மறுபடி நார் வச்சு இடிப்பாங்க. பின்னாடி பக்கவாட்டுல நிப்பிள்னு சின்னதா ஓட்டை வச்ச ஒரு முளை இருக்கும், அதுமேலதான் கேப்பு உக்காரும். விசைய இழுத்தா குதிரைன்னு சொல்ற சுத்தியல் போயி கேப்ப அடிக்கும், அந்தப் பொறி ஓட்டை வழியா உள்ள போயி மருந்தப் பத்தவைக்கும். இப்ப கேப்ப மட்டும் எடுத்தா எடுத்தது பொறியத்தான். மருந்தும் நாரும் ரவையும் குழலுக்குள்ளதான் இருக்கு. தீப்பெட்டிய மட்டும் தூக்கி வேற ரூம்ல வச்சுட்டு அணுகுண்டு வெடிய அடுப்பு மேட்டுலயே விட்டுட்டுப் போற மாதிரிதான் இது.

கேப்பு இல்லாம தானா வெடிச்சிருமான்னு கேப்பாங்க. தானா வெடிக்கிறது அபூர்வம்தான். ஆனா வீட்டுல இருக்கிறது நீங்க மட்டும் இல்லையே. பேரப்புள்ள விளையாட்டுக்கு குதிரைய ஏத்தி எறக்குவான், டப்பால கேப்பு இருக்கிறத அவன் பாத்திருப்பான். நிப்பிள் மேல பழைய கேப்போட துணுக்கு ஒட்டிக்கிட்டு இருந்து அது கண்ணுக்குத் தெரியாம போயிருக்கும். அடுப்புப் பொறி ஒண்ணு நிப்பிள் ஓட்டையில விழுந்தாலும் போதும். இதையெல்லாம் விட நான் ரொம்பப் பயப்படுறது வேற ஒண்ணுக்கு. அடுத்த நாள் ராத்திரி வேற ஒருத்தர் காவலுக்குப் போறாரு, துப்பாக்கி காலின்னு நெனச்சு அதுக்கு மேலயே இன்னொரு தடவ மருந்து கொட்டிக் கெட்டிக்கிறாரு. ரெட்ட லோடு. வெடிக்கிறப்ப குழல் தாங்காம பிஞ்சா, பிடிச்சிருக்க இடது கையும் கன்னமும் போயிரும்.

அதான் பெரியப்பா வாய் வார்த்தைய நம்ப மாட்டாரு. கம்பிய நம்புவாரு. அவரோட கெட்டிக்கிற கம்பியப் பக்கத்துல வச்சுப் பாத்தீங்கன்னா மேல் முனைக்குக் கிட்ட அரத்தால தேய்ச்ச ரெண்டு கோடு இருக்கும். காலிக் குழலுக்குள்ள கம்பிய அடி வரைக்கும் எறக்குனா குழல் வாயோட சரியா பொருந்துறது ஒரு கோடு. வழக்கமா போடுற லோடு உள்ள இருக்கப்ப கம்பி அந்த அளவுக்கு உள்ள போகாம வெளிய தூக்கிட்டு நிக்கும், அப்ப வாயோட பொருந்துறது இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரக்கடை வித்தியாசம் இருக்கும். கம்பிய எறக்கிப் பாத்தா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுரும், யாரையும் கேக்க வேண்டியதில்ல. சத்தத்தையும் கேக்கச் சொல்லுவாரு. வெறும் இரும்பு அடியில கம்பி முட்டுனா கணீர்னு கேக்கும், நாரு மேல முட்டுனா தொப்புன்னு அமுங்கிப் போகும். கம்பியில கோடு இல்லாத துப்பாக்கின்னா கம்பிய உள்ள எறக்கி வாய்க்கிட்ட விரலால பிடிச்சு, அப்படியே வெளிய எடுத்து குழலுக்குப் பக்கத்துலயே வச்சு அளந்து பாக்கணும். கம்பி நுனி நிப்பிள் இருக்க எடம் வரைக்கும் வந்தா காலி, அதுக்கு முன்னாடியே நின்னுச்சுன்னா உள்ள ஏதோ இருக்கு. சில துப்பாக்கிக்கு அடியில மருந்துக்குன்னு தனியா ஒடுங்குன அறை இருக்கும், கம்பி அதுக்குள்ள போகாது, அதனால கொஞ்சம் மருந்து அங்க தங்கியிருந்தா அளவு பாத்தாலும் தெரியாது. அந்த மாதிரி துப்பாக்கிய அளவு சரியா வந்தாலும் கழுவாம காலின்னு சொல்லக்கூடாது.

இந்த அளவ எடுக்குறதுக்கு முன்னாடியே கேப்ப எடுத்துரணும், நிப்பிள் மேல துணுக்கு ஏதும் ஒட்டியிருக்கான்னு நகத்தால தடவிப் பாத்துறணும். குதிரைய பாதி ஏத்தி நிறுத்திட்டா பாதுகாப்புன்னு நெனைக்கிறது இன்னொரு தப்பு, பழைய துப்பாக்கியில அதப் பிடிச்சு நிறுத்துற பல்லு தேஞ்சு போயி லேசா தட்டுனாலே எறங்கிரும்.

சரி, லோடு இருக்கு, எடுக்கணும். இருக்குறதுலயே சுலபமான வழி சுட்டுத் தீக்குறதுதான். காவல் முடிஞ்சு கெளம்புறப்ப வயல்லயே, கண்மாய்க் கரையோட மெத்து மண்ணப் பாத்து கீழ்நோக்கி ஒரு வெடி. வானத்தப் பாத்து சுடக்கூடாது, மேல போற ரவையும் குண்டும் எங்கயாவது கீழ எறங்கித்தான் ஆகணும், அங்க யாரு நிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியாது. உப்பளத் தரைய, காஞ்சு எறுகுன களிமண்ண, தண்ணிய, கல்லப் பாத்தும் சுடக்கூடாது, குண்டு தெறிச்சு வேற பக்கம் போகும். கடக்கரை மணல் மேடா இருந்தா நல்லது, அதுக்குப் பின்னாடி வலை காயப்போட வந்த ஆளுக யாரும் இல்லன்னு ஏறிப் பாத்துட்டு சுடணும். விசைய இழுத்து கேப்பு மட்டும் வெடிச்சு மருந்து பத்தலைன்னா துப்பாக்கிய அப்படியே மண்ணப் பாத்தபடியே ஒரு நிமிசத்துக்குக் கொறையாம பிடிச்சுக்கிட்டு நிக்கணும். ஈரக் காத்துல சில சமயம் மருந்து உள்ள கனிஞ்சுக்கிட்டே இருந்து லேட்டா வெடிக்கும். என்னாச்சுன்னு உடனே குழல் வாயில எட்டிப் பாத்தா அதோட போச்சு. வாயில ஊதிப் பாக்குறதும் வேணாம்.

ஆனா எங்க பக்கம் எல்லா எடத்துலயும் எல்லா நாளும் சுட்டுத் தீக்க முடியாது. மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர் கண்மாய் பறவைகள் சரணாலயம் எங்களுக்குக் கிட்டதான், முதுகுளத்தூர் பக்கம் போனா சித்திரங்குடி, காஞ்சிரங்குளம். பனிக்காலத்துல கூழைக்கடாவும் மஞ்சமூக்கு நாரையும் வந்து எறங்கியிருக்க எடத்துக்குப் பக்கத்துல விடியக்காலம் ஒரு வெடி போட்டா அவ்வளவும் கெளம்பிரும், கூட்டுல குஞ்சு இருந்தா அது கதி என்ன. சட்டமும் விடாது, மனசும் கேக்காது. ஊருக்குள்ள துஷ்டி விழுந்திருக்கும், இல்ல பக்கத்து வீட்டுல பச்சப்புள்ள தூங்கும். அப்ப சுடாம எடுக்கத் தெரிஞ்சிருக்கணும்.

அத நான் முழுசா பாத்தது எங்க தாய்மாமா வீட்டுத் துப்பாக்கியில. அம்மாச்சி வீட்டுத் தாத்தா தவறுனதுக்கு அப்புறம் லைசன்ஸ் விஷயமா துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்க வேண்டியிருந்துச்சு. மாமா அத துணியில சுத்தி ஆட்டோவுல வைக்கப் போனாரு. "அய்யா பல வருசமா இத தொடவே இல்ல மச்சான், காலியாத்தான் கெடக்கும்" அப்படின்னாரு. பெரியப்பா ஒண்ணும் பேசல, கம்பிய வாங்கி உள்ள எறக்குனாரு. தொப்புன்னு நின்னுச்சு. கம்பி நாலு விரக்கடைக்கு மேல வெளிய நின்னுச்சு. "மாப்ள, புள்ளைகள எல்லாம் வீட்டுக்குள்ள போகச் சொல்லு" அப்படின்னு மட்டும் சொன்னாரு.

அன்னைக்கு அவரு செஞ்சத அப்படியே சொல்றேன். துப்பாக்கிய தோப்புக்குக் கொண்டுபோயி ரெண்டு மணல் சாக்கு மேல கெடத்தி, வாய கரை மண்ணுக்கு நேரா வச்சாரு. நிப்பிள்ல கேப்பு இல்லன்னு பாத்துட்டு எண்ணெய் விட்டு ஊறவச்சு நிப்பிளயே கழட்டிட்டாரு. அந்த ஓட்டை வழியா ஊசி போடுற சிரிஞ்சால தண்ணி ஏத்துனாரு, ஏத்துனாரு, ஏத்திக்கிட்டே இருந்தாரு. வாய் வழியாவும் தண்ணி ஊத்துனாரு. கரிமருந்துல உயிரே வெடியுப்புதான், அது தண்ணியில கரையும், மருந்து சேறாயிட்டா பத்தாது. ஆனா பழைய நாரும் துருவும் இறுகிப்போயி தண்ணிய உள்ள விடாது, அதனால அவசரப்படாம மறுநாள் வரைக்கும் அப்படியே ஊறவிட்டு, பக்கத்துலயே கட்டில் போட்டு ஆள் காவல் இருந்தோம். பீடி பத்தவைக்க வந்த சித்தப்பாவ வரப்புக்கு அந்தப் பக்கமே நிறுத்திட்டாரு.

மறுநாள் கம்பி நுனியில ரெட்டைச் சுருளா இருக்க ஒரு திருகு மாட்டி மெதுவா உள்ள விட்டு வலப்பக்கமா திருகுனாரு. அப்ப அவரு நின்ன நிலையப் பாக்கணும். குழல் வாய்க்கு நேரா உடம்போட எந்தப் பாகமும் வராம பக்கவாட்டுல குத்தவச்சு, கம்பிய உள்ளங்கையால அமுக்காம விரல் நுனியால மட்டும் பிடிச்சுத் திருகுனாரு. மொத நாரு வந்துச்சு, கறுத்து, பழைய துணி வாடையோட. அப்புறம் வாயக் கீழ சாச்சதும் ரவை சொரசொரன்னு துண்டுல விழுந்துச்சு, வெளுத்துப்போன ஈயம், சிலது ரெண்டு மூணு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. அதுக்கு அடியில இன்னொரு நாரு. கடைசியா மருந்து, மை மாதிரி கறுப்புச் சேறா வழிஞ்சுச்சு. மாமா துண்டையே பாத்துக்கிட்டு நின்னாரு, அவரு தூக்கி ஆட்டோவுல வைக்க இருந்தது அது. சேறா வந்த மருந்தையும் பெரியப்பா சும்மா விடல. காஞ்சா மறுபடி கொஞ்சமாவது பத்தும், அதனால ஒரு பக்கெட் தண்ணியில கரைச்சு மண்ணுல பரவலா ஊத்திட்டாரு.

ரவைக்குப் பதிலா ஒத்தக் குண்டு இருந்தா நார் எடுக்குற சுருள் பத்தாது. மர ஸ்க்ரூ மாதிரி கூர்முனை உள்ள திருகு வேணும், அது ஈயக் குண்டுல பொத்து ஏறி பிடிச்சுக்கும், அப்புறம் நேரா இழுக்கணும். அதுவும் மருந்து நனைஞ்ச பிறகுதான். காஞ்ச மருந்துக்கு மேல இரும்ப விட்டுத் திருகவோ சுத்தியலால தட்டவோ கூடாது, கம்பி பித்தளையா இருந்தா இன்னும் நல்லது.

என் மச்சான் ஒருத்தரு அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல இருக்காரு. அங்க கிறிஸ்மஸ் முடிஞ்ச மறுநாள்லருந்து சக்கிமுக்கிக் கல்லு வச்ச பழைய மாடல் வாய்வழித் துப்பாக்கியில மட்டும் மான் வேட்டையாட ஒரு சீசனே விடுறாங்க, அவரு லைசன்ஸ் எடுத்துப் போறாரு. அவருகிட்ட பேசுனப்பதான் அங்க எத்தனை வழி வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுச்சு. சின்ன கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மாட்டுன ஒரு கருவி இருக்கு, நிப்பிள் மேல வச்சு அமுக்குனா காத்து அழுத்தத்துலயே குண்டும் மருந்தும் வாய் வழியா வெளிய வந்து விழுந்துரும். அதுலயும் குண்டு வேகமாத்தான் வரும், மெத்து மண்ணு இல்ல மூட்டைக்கு நேரா வச்சுத்தான் செய்யணும். இப்ப வர்ற, இன்லைன்னு சொல்ற புது மாடல்கள்ல குழலோட பின் அடைப்பையே திருகிக் கழட்டிரலாம், அப்புறம் கம்பிய விட்டுத் தள்ளுனா மொத்தமும் வந்துரும், குழல் வழியா அந்தப் பக்கம் வெளிச்சமும் பாக்கலாம். மருந்து போட மறந்து வெறும் குண்ட மட்டும் இடிச்சுட்டாங்கன்னா நிப்பிளக் கழட்டி அந்த ஓட்டை வழியா துளி மருந்து ஊட்டி, குண்ட மறுபடி அடி வரைக்கும் நல்லா இடிச்சு உக்காரவச்சுட்டு சுட்டு வெளியேத்துறதும் ஒரு வழி. குண்டு நடுக்குழல்ல நின்னுச்சுன்னா அதுக்கும் மருந்துக்கும் நடுவுல இடைவெளி விழுந்து குழலே வீங்கும் இல்ல பிஞ்சுரும், அதனால பழகுன ஆள் பக்கத்துல இல்லாம அதுல கைய வைக்காதீங்க.

மச்சான் சொன்ன ஒரு விஷயத்துல மட்டும் எனக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதமே வந்துச்சு. அங்க பல மாநிலங்கள்ல கேப்ப எடுத்துட்டாலோ சக்கிமுக்கித் துப்பாக்கியோட பக்கவாட்டுல பொறி விழுற கிண்ணத்துல இருக்க மருந்தத் தட்டி விட்டுட்டாலோ சட்டப்படி அது லோடு இல்லாத துப்பாக்கியாம், கார்ல வச்சு கொண்டு போகலாமாம். குளிர் ஊருல மறுநாளும் வேட்டைக்குப் போறவங்க லோட உள்ளயே விட்டுட்டு துப்பாக்கிய வெளிய குளிர்லயே வச்சிருவாங்க, வீட்டுச் சூட்டுக்குள்ள கொண்டு வந்தா குழலுக்குள்ள வேர்த்து மருந்து நனையும்னு. அது ஒரு ராத்திரிக்கு, கார்ல போற தூரத்துக்கு, சட்டம் வகுத்த ஒரு கணக்கு, அவ்வளவுதான். அத வீட்டுக்குள்ள வைக்கிறதுக்கு நியாயமா எடுத்துக்க முடியாதுன்னு நான் சொன்னேன். கடைசியில அவரும் சீசன் முடியிற அன்னைக்கு சுட்டுத் தீத்துட்டுத்தான் கார்ல ஏறுவேன்னு ஒத்துக்கிட்டாரு.

மனுசன் ஞாபகத்த நம்பக்கூடாதுங்கிறதுக்கு அதே பென்சில்வேனியாவுலதான் பெரிய சாட்சி இருக்கு. 1863-ல அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கெட்டிஸ்பர்க்ங்கிற ஊர்ல நடந்த சண்டை முடிஞ்சு களத்துலருந்து 27,000-க்கு மேல துப்பாக்கி பொறுக்கியிருக்காங்க, அதுல சுமார் 24,000 கெட்டிச்சபடியே கெடந்துச்சு, அதுலயும் பாதிக்குக் கொறையாம ஒண்ணுக்கு மேல லோடு, ஒரு துப்பாக்கியில 23 லோடு ஒண்ணு மேல ஒண்ணா இருந்துச்சு. பயிற்சி எடுத்த சிப்பாய்க்கே அந்த நெலம. பழைய மருந்து செத்துப்போயிருக்கும்னு நெனைக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், ஈரம் படாத கரிமருந்து சாகவே சாகாது. அதே உள்நாட்டுப் போர்க் காலத்து பீரங்கிக் குண்டு ஒண்ணு 2008-ல வர்ஜினியாவுல அத சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தவர் கையில வெடிச்சு அவரு செத்தே போயிட்டாரு. 140 வருசத்துக்கு மேல ஆன மருந்து. மாமா வீட்டு துப்பாக்கி எம்மாத்திரம்.

லோட எடுத்ததோட வேல முடியல. சுட்ட குழல்ல படியிற கரி காத்துல இருக்க ஈரத்த இழுக்கும், எங்க ஊரு உப்புக் காத்துக்கு ஒரே ராத்திரியில துரு பூத்துரும். துரு பூத்த குழல்ல அடுத்த லோடு சிக்கும், அப்புறம் எடுக்குறது இன்னும் கஷ்டம். அதனால பெரியப்பா வந்த உடனே, காப்பித்தண்ணி குடிக்கிறதுக்கு முன்னாடியே, அண்டாவுல சுடுதண்ணி போட்டு சோப்புக் கரைச்சு குழலக் கழுவுவாரு. தண்ணி கறுப்பா வர்றது நிக்கிற வரைக்கும் கழுவி, துணி சுத்துன கம்பியால தொடைச்சு, காயவச்சு எண்ணெய் போடுவாரு. நிப்பிள் ஓட்டையில தண்ணி பீச்சிக்கிட்டு வெளிய வந்தா உள்ள வழி சுத்தமா இருக்குன்னு அர்த்தம். அடுத்த தடவ மருந்து கெட்டிக்கிறதுக்கு முன்னாடி கம்பி விட்டு காலிதான்னு பாத்துட்டு, வெறும் கேப்பு மட்டும் போட்டு குழல் வாய ஒரு புல்லுக்கிட்ட வச்சு அடிப்பாரு. புல்லு ஆடுச்சுன்னா வழி தெறந்திருக்கு.

தேர்தல் அறிவிச்சா லைசன்ஸ் துப்பாக்கிகள ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க, தெரியும்ல. அந்த நேரத்துல எத்தனையோ வீட்டு துப்பாக்கி ஒரே ரூம்ல ஒண்ணோட ஒண்ணு சாஞ்சு நிக்கும். பெரியப்பா ஒப்படைக்கிறப்ப கம்பியையும் கூடவே கொண்டு போயி, வாங்குற போலீஸ்காரர் கண்ணு முன்னாடி உள்ள எறக்கிக் காட்டுவாரு, "பாத்துக்கங்க சார், காலி" அப்படின்னு. திரும்ப வாங்குறப்பவும் அதே மாதிரி எறக்கிப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாரு. வரிசையில நிக்கிறவங்க அவசரப்படுவாங்க, அவரு கண்டுக்க மாட்டாரு. எல்லா ஊர்லயும் எல்லாரும் இதச் செய்யணும்னு நான் கேட்டுக்கிறேன், அரை நிமிச வேலைதான்.

உங்க வீட்டுப் பரண்ல தாத்தா காலத்துத் துப்பாக்கி ஏதாவது கெடந்துச்சுன்னா, லோடு இருக்குன்னே வச்சுக்கங்க. குதிரையத் தொடாதீங்க, வாய் இருக்க பக்கம் யாரையும் போக விடாதீங்க, புள்ளைகள அந்த ரூமுக்குள்ளயே விடாதீங்க. இத படிச்சுட்டு நீங்களா தண்ணி ஊத்தி திருகிப் பாக்கவும் வேணாம், பழகுன ஆள் வரட்டும். லைசன்ஸ் இல்லாத சாமானா இருந்தா அத துணியில சுத்திக்கிட்டு பஸ்ஸுல ஏறிப் போகாதீங்க, ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, பழைய வாய்வழித் துப்பாக்கி, உள்ள மருந்து இருக்கலாம்னு அந்த வார்த்தையவே சொல்லி, அவங்கள வீட்டுக்கு வரச் சொல்லுங்க.